கடல் கடந்து வரும் பாடநூல்: கல்லூரிச் செலவைக் குறைக்கும் திறந்த கல்வி வளங்கள்

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் வங்கிக் கிளைகளில் கல்விக்கடன் விண்ணப்பங்கள் குவியத் தொடங்கும். விண்ணப்பத்தோடு இணைக்கப்படும் செலவு மதிப்பீட்டில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்குக் கீழே ‘நூல்கள், கருவிகள்’ என்று ஒரு வரி இருக்கும். மற்றவற்றுக்கெல்லாம் கல்லூரியின் கட்டண விவரம் உண்டு. இந்த ஒரு வரி மட்டும் பெரும்பாலும் உத்தேசமாகவே நிரப்பப்படுகிறது. பட்டியலில் குடும்பத்தின் விருப்பப்படி குறைத்துக்கொள்ளக்கூடிய செலவு ஏதேனும் இருக்குமானால், அது இந்த வரிதான். ஆயினும் இதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகச் சிந்திக்கிறோம்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு இந்த வரியின் சுமை சற்றுக் கூடுதல். சென்னைத் துறைமுகத்திலிருந்து, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பயணிகள் கப்பல் சென்று சேர மூன்று நாள்கள் அளவில் ஆகும். அரிசி, பருப்பு, சிமெண்டு எல்லாம் வரும் அதே கடல்வழியில்தான் நூல்களும் வருகின்றன. 1967-இல் தொடங்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு இராஜகீய மகாவித்யாலயாவின் மாணவர் ஒருவருக்குத் தேவையான நூல் உள்ளூர்க் கடையில் இல்லையென்றால், அடுத்த கடை கடலுக்கு அப்பால்தான். மாயாபந்தரில் உள்ள மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி மாணவரின் நிலை இன்னும் ஒரு படி கடினம். தலைநகரிலிருந்து அங்கே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை ஜராவா பழங்குடியினர் காப்புப் பகுதியின் ஊடாகச் செல்வதால், வாகனங்கள் குறித்த நேரத்தில் காவலோடு அணியாகத்தான் செல்ல வேண்டும். நடுவே கழிமுகத்தைக் கடக்கப் படகும் ஏற வேண்டும். நூலின் விலையோடு காத்திருப்பும் ஒரு விலையாகச் சேர்ந்துவிடுகிறது. பருவம் தொடங்கி ஒரு மாதம் கழித்துக் கைக்கு வரும் நூலால் அந்தப் பருவத் தேர்வில் கிடைக்கும் பயன் பாதிதான்.

அஞ்சல் துறை நூல்களுக்கென நடத்திவந்த சலுகைக் கட்டணப் பதிவு அஞ்சல் சேவையை 2024 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. பின்னர் 2025 மே மாதம் முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற புதிய சேவை வந்தது. கல்வி நூல்களை 300 கிராம் வரை 20 ரூபாய்க்கும், 5 கிலோகிராம் வரை 100 ரூபாய்க்கும், வரி தனியாக, அனுப்பலாம் என்று தொடக்கத்தில் கட்டணம் வகுக்கப்பட்டது. சென்னையிலுள்ள உறவினர் தாம் படித்து முடித்த நூல்களைத் தீவிலுள்ள பிள்ளைக்கு அனுப்ப இது ஏற்ற வழி. ஆனால் இது விமானத்தில் செல்லும் அஞ்சல் அன்று என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கடனாக வாங்கிய நூலின் விலை

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பின் தொடக்கத்தில் நூல்களுக்கென 10,000 ரூபாய் கல்விக்கடனிலிருந்து பெறப்படுகிறது எனக் கொள்வோம். வட்டி விகிதம் ஆண்டுக்கு 10 சதவீதம் என்பது எளிமைக்காக நாம் எடுத்துக்கொள்ளும் எண். படிப்புக் காலத்திலும் அதற்குப் பிந்திய ஓராண்டிலும் தவணை செலுத்த வேண்டியதில்லை. ஆனால் தனிவட்டி கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். நான்கு ஆண்டுகளில் அந்த வட்டி 4,000 ரூபாய். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 14,000 ரூபாயாக நிற்கும். அதனை ஏழு ஆண்டுகளில், அதாவது 84 மாதங்களில் திருப்பிச் செலுத்தினால் மாதத் தவணை ஏறத்தாழ 232 ரூபாய். மொத்தம் செலுத்துவது ஏறத்தாழ 19,500 ரூபாய். முதல் பருவத்தில் வாங்கி இரண்டாம் பருவத்தில் மூலையில் வைத்த நூலுக்கு, பட்டம் பெற்று வேலைக்குச் சென்று எட்டாவது ஆண்டு வரை பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதுவும் அட்டையில் அச்சிட்ட விலையைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு.

படிக்கும் காலத்திலேயே மாதம் 83 ரூபாய் வட்டியைச் செலுத்தி வந்தால் மொத்தம் ஏறத்தாழ 17,950 ரூபாயாகக் குறையும். வட்டி மானியம் பெறும் குடும்பங்களுக்கு இன்னும் குறையும். கடன் வாங்குவது தவறு என்பது நம் கருத்தன்று. கல்விக் கட்டணத்துக்கு வாங்கும் கடனுக்கு மாற்று வழி அரிது. நூலுக்கு வாங்கும் கடனுக்கு மாற்று உண்டு.

இலவசம் என்பதும் திறந்தது என்பதும்

‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற சொல் 2002-இல் யுனெஸ்கோ பாரிசில் கூட்டிய மன்றத்தில் உருவானது. அதற்கு முந்திய ஆண்டில்தான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடப் பொருள்களை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவைக்கப் போவதாக அறிவித்திருந்தது. 2019 நவம்பர் 25 அன்று யுனெஸ்கோவின் பொது மாநாடு இவ்வளங்கள் குறித்த பரிந்துரை ஒன்றை ஏற்றது.

இணையத்தில் காசின்றிக் கிடைப்பதெல்லாம் திறந்த வளம் ஆகிவிடாது. இந்த வேறுபாடு சிறு நுணுக்கம் போலத் தோன்றினாலும் மாணவருக்குப் பயன்படுவது இதுதான் என்பதால், சற்று விரித்துக் கூறுகிறோம்.

பதிப்பாளர் ஒருவர் தம் நூலின் முதல் அத்தியாயத்தை இணையத்தில் படிக்கத் தருகிறார். அது இலவசம், ஆனால் அதை அச்சிடவோ நண்பருக்கு அனுப்பவோ உரிமை இல்லை. அடுத்து, கல்லூரி நூலகம் சந்தா செலுத்திப் பெறும் மின்னூல்களும் ஆய்விதழ்களும் உள்ளன. இன்ஃப்லிப்நெட் நடுவம் நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில் சேர்ந்த கல்லூரியின் மாணவர், தமக்கெனக் கணக்கு ஒன்றைப் பெற்று ஏராளமான மின்னூல்களைப் படிக்கலாம். மாணவரின் கைப்பணம் செலவாவதில்லை. ஆனால் கல்லூரியை விட்டு வெளியேறிய நாளில் கதவு மூடிக்கொள்ளும். மூன்றாவது வகையே திறந்த வளம். ஆசிரியரோ வெளியீட்டாளரோ தம் உரிமையை விட்டுவிடாமலே, ‘இதனைப் பதிவிறக்கலாம், நகலெடுக்கலாம், பகிரலாம், நிபந்தனைகள் இவை’ என்று உரிமத்தில் எழுதித் தந்துவிடுகிறார். 2001-இல் தொடங்கப்பட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் உரிமங்களே இதற்கு உலகெங்கும் வழக்கில் உள்ளவை.

அவ்வுரிமங்களின் குறியீடுகளைப் படிக்கத் தெரிந்துகொள்வது காசோலையின் பின்புறத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வது போன்றதே. ‘பிஒய்’ என்றால் ஆசிரியர் பெயரைக் குறிப்பிட வேண்டும். ‘என்சி’ என்றால் வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது. ‘எஸ்ஏ’ என்றால், மாற்றி எழுதினால் அதையும் இதே உரிமத்தில் பகிர வேண்டும். ‘என்டி’ என்றால் மாற்றியமைத்துப் பகிரக் கூடாது. உள்ளது உள்ளபடியே பகிரலாம். ‘பிஒய்’ மட்டும் இருந்தால் மொழிபெயர்க்கவும் உள்ளூர் எடுத்துக்காட்டுகளைச் சேர்க்கவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தமிழுக்கு இந்த எண்ணம் புதிதன்று. பாரதியாரின் படைப்புகளின் உரிமையை 1949-இல் சென்னை மாகாண அரசு பெற்றது; நாட்டுடைமை என்ற வழக்கம் அதன்பின் வளர்ந்து, பல எழுத்தாளர்களின் நூல்களை எவரும் பதிப்பிக்கலாம் என்ற நிலையைத் தந்தது. அந்நூல்களை வாங்கும்போது விலை குறைவாக இருப்பதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. திறந்த உரிமம் அதே செயலை, ஆசிரியர் வாழும் காலத்திலேயே, அவர் விருப்பத்தோடு செய்கிறது.

எந்தப் பாடத்துக்கு எந்த நூல்

பாடநூல் என்ற அளவில் மிகவும் ஒழுங்காகத் தொகுக்கப்பட்டவை ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்கள். அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் 1999-இல் ரிச்சர்ட் பரானியுக் தொடங்கிய கனெக்ஷன்ஸ் என்ற முயற்சியிலிருந்து 2012-இல் பிறந்தது ஓப்பன்ஸ்டாக்ஸ். இயற்பியல், வேதியியல், உயிரியல், நுண்கணிதம், புள்ளியியல், பொருளியல், சமூகவியல், உளவியல் எனக் கல்லூரித் தொடக்க ஆண்டுகளுக்குரிய நூல்கள் முழுமையாக, பயிற்சி வினாக்களோடு கிடைக்கின்றன. இயற்பியலுக்குரிய பெரிய நூல் மூன்று தொகுதிகளைக் கொண்டது. உயிரியல் நூல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். பெரும்பாலானவை ‘பிஒய்’ உரிமத்தில் உள்ளவை. நுண்கணித நூலுக்கு ‘என்சி’, ‘எஸ்ஏ’ நிபந்தனைகளும் உண்டு.

இயற்பியல், வேதியியல், கணிதம் பயிலும் இளநிலை மாணவர் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இவற்றைத் துணிந்து நம்பலாம். நியூட்டனின் விதி தீவிலும் டெக்சாசிலும் ஒன்றுதான். பொருளியலில் கோட்பாட்டுப் பகுதி பயன்படும். எடுத்துக்காட்டுகள் டாலரில் இருக்கும், நிறுவனங்கள் அமெரிக்க நிறுவனங்களாக இருக்கும். வணிகவியல் மாணவர்கள் கணக்கியல் நூலை எடுக்கும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இரட்டைப் பதிவு முறையின் அடிப்படை பொதுவானது. ஆனால் வரியும் நிறுமச் சட்டமும் கணக்கியல் தரங்களும் அந்நாட்டுக்குரியவை. நம் நாட்டு வணிகவியல் மாணவருக்கு இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தன் இணையதளத்தில் காசின்றித் தரும் பாடப்பொருள்களே மேல். அவை திறந்த உரிமம் பெற்றவையல்ல. தம் சொந்தப் படிப்புக்குப் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்ற அளவிலேயே அவற்றைக் கொள்ள வேண்டும். செவிலியர் படிப்பினருக்கு ஓப்பன்ஸ்டாக்சின் உடற்கூறியல், உடலியங்கியல் நூல் நல்ல துணை. மருத்துவப் பட்டப்படிப்பினர் அதனை மட்டும் வைத்துக்கொண்டு தேர்வை எதிர்கொள்ள இயலாது. அவர்கள் நூலகத்தையும் மூத்த மாணவர்களின் நூல்களையும் சார்ந்திருப்பதே இன்றுள்ள நிலை.

இந்திய வளங்களுக்கு வருவோம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்பிடெல், பொறியியல் விரிவுரைகளின் பெருங்களஞ்சியம். 2017-இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தில் பாடங்களைப் பயிலக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் பயின்று மதிப்பலகு பெறக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். தீவு மாணவர்கள் பதிவு செய்வதற்கு முன் தேர்வு மையம் எங்கே என்று பார்த்துவிடுவது நல்லது. தேர்வெழுதக் கப்பலேற நேர்ந்தால் மிச்சமான பணம் பயணச்சீட்டில் போய்விடும்.

முதுகலை மாணவர்களுக்கு இ-பிஜி பாடசாலா உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடநூல்கள் இ-ஞானகோஷ் தளத்தில் உள்ளன. வரலாறு, அரசியல், சமூகவியல், பொருளியல் பயில்வோருக்கு நாம் முதலில் பரிந்துரைப்பது இவற்றைத்தான். ஏனெனில் அவை ஆசிரியர் அருகில் இல்லாத மாணவருக்கென்றே எழுதப்பட்டவை. தொழில்நுட்பக் கல்விக்கான அனைத்திந்தியக் குழுவின் இ-கும்ப் தளத்தில் பொறியியல், பட்டயப் படிப்புகளுக்கான நூல்கள் தமிழிலும் பதிவிறக்கத்துக்கு வைக்கப்பட்டுள்ளன. டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயிலும் தமிழ் மாணவர், ஆங்கில நூலோடு இதனையும் அருகில் வைத்துப் படித்தால் கருத்து விரைவில் தெளியும். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழ்க் குரலில் கற்பிக்கிறது. விலையுள்ள மென்பொருளுக்குப் பதிலாகச் சைலேப் போன்றவற்றைப் பழகினால் நூலைக் காட்டிலும் பெரிய செலவு ஒன்று மிச்சமாகும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமோ தனிச் சுரங்கம். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் முன்பு கல்லூரிப் பாடங்களுக்கெனத் தமிழில் வெளியிட்ட பழைய நூல்களையும் அங்கே காணலாம். அறிவியல் செய்திகள் பழையனவாக இருக்கலாம். வரலாறு, தத்துவம், கணிதம் ஆகியவற்றின் விளக்கங்கள் இன்றும் படிக்கத் தக்கவை.

நகலகமும் சட்டமும்

திறந்த நூல் கிடைக்காத பாடத்துக்கு மாணவர்கள் நாடுவது ‘ஜெராக்ஸ்’ கடையை. இது குறித்து நம் நாட்டில் ஒரு முக்கிய வழக்கு நடந்தது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த இராமேஸ்வரி நகலகம், ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றது. அதனை எதிர்த்து ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கற்பித்தலின் பொருட்டுத் தேவையான அளவுக்குப் படியெடுப்பதை அனுமதிக்கிறது என்று விளக்கியது. பதிப்பகங்கள் பின்னர் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

இத்தீர்ப்பு முழு நூலையும் நகலெடுத்து விற்க உரிமம் தரவில்லை. ஆசிரியர் வகுப்புக்கெனக் குறித்த பகுதிகளைப் பற்றியதே அது. இணையத்தில் உலவும் திருட்டுப் பிரதிகளுக்கும் அது பொருந்தாது. ‘எல்லாரும் எடுக்கிறார்கள்’ என்பது சட்டத்தின் முன் விடையாகாது. திறந்த உரிமம் பெற்ற நூலில் இந்த ஐயத்துக்கே இடமில்லை. மாணவர் தமக்கு வேண்டிய 400 பக்கங்களை மட்டும் அச்சிட்டுத் தைத்துக்கொள்ளலாம். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்று வைத்தாலும் செலவு 400 ரூபாய்தான். திரையிலேயே படிக்க இயலாதோர் பலர் என்பதை நாம் அறிவோம். அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. காகிதத்தில் படிப்பதற்கும் திறந்த உரிமம் வழி செய்கிறது.

கடலுக்கு அடியில் வந்த நூலகம்

பத்தாண்டுகளுக்கு முன் இக்கட்டுரையை எழுதியிருந்தால் தீவு வாசகர்கள் சிரித்திருப்பார்கள். செயற்கைக்கோள் வழியே வந்த மெலிந்த இணைப்பில் ஒரு விரிவுரையைக் காண்பதே பொறுமைக்குச் சோதனை. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடி இழைக் கம்பிவடம் பயன்பாட்டுக்கு வந்தது. 1,224 கோடி ரூபாய்ச் செலவில் இடப்பட்ட இது ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகியவற்றையும் இணைக்கிறது. இந்தப் பெருஞ்செலவின் பயனைக் கல்லூரி மாணவர் தம் பங்குக்கு எடுத்துக்கொள்ளும் வழிதான் நாம் இங்கே கூறுவது.

கம்பிவடம் கரைக்கு வந்தாலும் ஒவ்வொரு வீட்டிலும் இணைப்பு ஒரே சீராக இருப்பதில்லை. ஆகவே நூலை இணையத்தில் திறந்து படிப்பதைக் காட்டிலும், கோப்பாக முழுவதும் பதிவிறக்கி வைத்துக்கொள்வதே சிறந்தது. கல்லூரியில் இணைப்பு நன்றாக இருக்கும் வேளையில் ஒருவர் பதிவிறக்கி, நினைவகக் குச்சியில் பத்துப் பேருக்குத் தரலாம். திறந்த உரிமத்தில் இது முழுவதும் சட்டப்படியானது. பருவமழையில் மின்சாரமும் கோபுரமும் ஓய்வெடுக்கும் நாள்களில் கைபேசியில் உள்ள நூல் கைவிடாது.

பருவத் தொடக்கத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கலாம். பாடத்திட்டத்தின் அலகுகளை ஒரு தாளில் இடப்பக்கம் எழுதி, திறந்த நூலின் எந்த அத்தியாயம் எந்த அலகுக்கு ஈடாகிறது என்று வலப்பக்கம் குறித்துச் செல்ல வேண்டும். ஐந்து அலகுகளில் நான்கு நிரம்பினால் அந்த நூலை வாங்கத் தேவையில்லை; ஐந்தாவதை நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டுதான் நிரம்பினால் தயங்காமல் வாங்கிவிடுவதே முறை. மலிவுக்காகத் தேர்ச்சியை இழப்பது சிக்கனம் ஆகாது. குறித்த தாளைப் பாட ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிவிட்டால் நல்லது. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் அது பயன்படும்.

நூல்கள் முடிவான பின் கிளைக்கு வாருங்கள். கல்விக்கடன் ஒரே தொகையாக வழங்கப்படுவதில்லை. ஆண்டுதோறும் அல்லது பருவந்தோறும் தேவைக்கேற்ப விடுவிக்கப்படுகிறது. ஒப்பளிக்கப்பட்ட தொகை முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடுத்த தவணையை விடுவிக்கக் கோரும் கடிதத்தில், நூல்களுக்கென மதிப்பிட்ட தொகையில் எவ்வளவு தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும். விடுவிக்கப்படாத தொகைக்கு வட்டி ஏறாது.